பல்லுக்குள் சுழலும் பைலுக்கு ஒரு கணக்குக் கொப்பி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ரூட் கனால், அதாவது பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்கிற எல்லோரும், அரச வைத்தியசாலையோ தனியார் கிளினிக்கோ, அதற்குப் பாவிக்கும் ஒவ்வொரு பைலுக்கும், அதாவது வேருக்குள் விட்டுக் குடையும் ஊசி போன்ற மெல்லிய அரத்துக்கும், எத்தனை தரம் பாவித்தது என்று ஒரு பாவனைக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். பைல் வேருக்குள் உடைந்தால் அன்றே நோயாளியிடம் சொல்லி, அவருடைய அட்டையிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. இரத்மலானை ரயில்வே வேர்க்ஷொப்பில் சில்லும் அச்சும் பார்க்கும் பகுதியில் வேலை செய்து, போர்மனாக ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதில் நான் வாய் திறக்க நியாயம் இருக்கிறது. உடைந்த பைல் துண்டு ஒன்று என் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குள் இருக்கிறது. அது எப்படி உடைந்திருக்கும் என்பது, அளவில் மட்டும் வேறுபட்டு, நான் தொழிலில் பார்த்துப் பழகிய விடயம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் படுத்தால் துடிக்கிற பல் ஒன்றைக் காட்டப் போனேன். கிளினிக் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் எங்கேயோ என்பது போதும், பெயர் வேண்டாம். பிடுங்கத் தேவையில்லை, நேர்வ் பில்லிங், அதாவது ரூட் கனால், செய்து காப்பாற்றலாம் என்றார் டொக்டர். நல்ல மனிதர், கை மென்மையானவர். ஊசி போட்டார், பல்லைச் சுற்றி ரப்பர் தாளை மாட்டினார், மோட்டாரை ஓட விட்டார். ஒரு கட்டத்தில் மோட்டார் நின்றது. உதவியாளர் பெண்ணிடம் அவர் மெல்லிய குரலில் ‘கெடுனா’ என்றார். இரத்மலானையில் காலம் தள்ளியவனுக்கு அந்தச் சிங்களச் சொல் விளங்காமல் இருக்குமா? ஏதோ உடைந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆள் கேள்வி கேட்க முடியாது. எல்லாம் முடிந்து எழும்பிய பிறகு கேட்டேன். “ஒன்றுமில்லை அங்கிள், பைல் ஒன்று பழுதாகிவிட்டது, வேறு எடுத்துச் செய்துவிட்டேன்” என்றார். பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். பைல் பழுதானதும் உண்மை, வேறு எடுத்ததும் உண்மை. பழுதானதன் மிச்சம் எங்கே என்பதைத்தான் சொல்லாமல் விட்டார்.

அடுத்த வருடம் வேறொரு பல்லுக்காக வேறோர் இடத்தில் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பு சிகிச்சை செய்த பல்லின் முன்வேரில், அடைத்த மருந்தின் வெண்மையைவிடப் பளிச்சென்று ஒரு சிறு கோடு. படத்தை ஒரு வேர்ச் சிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோனேன். என் மகள் வயதுப் பெண்தான். பல்லுக்கு மட்டும் இன்னொரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, பென்சில் நுனியால் தொட்டுக் காட்டினார். ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். வேர் வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே, நுனிப் பகுதியில் இறுகிக் கிடக்கிறது.

“எடுக்கலாமா, டொக்டர்?” என்று கேட்டேன்.

“எடுக்க முயற்சி செய்யலாம் அங்கிள். ஆனால் வளைவுக்கு அப்பால் இருக்கிறது. நுணுக்குக்காட்டியால் பார்த்துக்கொண்டு அல்ட்ராசோனிக் முனையால் சுற்றிலும் வேரைக் குடைந்தால்தான் அது அசையும். அந்தளவு குடைந்தால் வேர் மெலிந்து பிறகு வெடிக்கும், சில வேளை பக்கவாட்டில் துளைத்துக்கொண்டும் போகும். இப்போது நோவும் இல்லை, வேர் நுனியில் கிருமிக் கறுப்பும் இல்லை. அப்படியே விட்டு, வருடத்துக்கொரு படம் எடுத்துப் பார்ப்போம்.”

அவர் சொன்ன இன்னொரு விடயத்தை, இதே நிலைமையில் இருப்பவர்களுக்காக எழுத வேண்டும். துண்டு உள்ளே இருப்பதாலேயே பல் போய்விடும் என்பதில்லை. உலோகம் தானாக எந்த நோயையும் உண்டாக்காது. அது வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால் அதற்கு அப்பால் இருக்கும் கிருமியைக் கழுவ முடியாமல் போவதுதான் பிரச்சினை. ஆகவே, சுத்தம் செய்து முடிகிற நேரத்தில் உடைந்ததா, ஆரம்பத்திலேயே உடைந்ததா என்பதைப் பொறுத்துத்தான் பலன். மெல்பேர்ன் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு கணக்கில், துண்டு தங்கிவிட்ட பற்களில் 91.8 சதவீதம் குணமாகியிருந்தன. அதே மாதிரியான, துண்டு இல்லாத பற்களில் 94.5 சதவீதம். வேர் நுனியில் முன்பே சீழ்க்கட்டுப் போன்ற நோய் இருந்தவற்றில் மட்டும் இடைவெளி சற்றுக் கூடியது: 86.7க்கு எதிராக 92.9. அதுவும் நிபுணர்கள் கையால் செய்த சிகிச்சைகள். இதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை வந்தது. முதல் டொக்டர் இதே கணக்கை அன்றே சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்திருக்காது.

படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் திரும்பப் போனேன், சண்டைக்கு இல்லை. அவரும் மறுக்கவில்லை, எல்லா டொக்டர்மாருக்கும் வாழ்க்கையில் நடக்கிறதுதான் என்றார். அது சரி, நானும் நம்புகிறேன். நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: “இந்த பைல் என் பல்லுக்குள் போவதற்கு முன் எத்தனை பல்லுக்குள் போயிருக்கும்?” அவர் உதவியாளரைப் பார்த்தார். அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்தது. “நாலைந்து தரம் இருக்கும்” என்றார் டொக்டர். பிள்ளையின் முகம் அதை ஒப்புக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. எப்படியும், இரண்டு பேருக்குமே உண்மையில் தெரியாது. அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. உடைந்ததை மன்னிக்கலாம். சுழன்று வளைகிற ஓர் உலோகத்தைக் கணக்கில்லாமல் ஓட விடுவதை, அச்சுப் பகுதியில் வேலை செய்தவனால் எப்படிப் பொறுக்க முடியும்?

ரயில் அச்சு எப்படி உடைகிறது என்பதை மனிதர்கள் உயிரைக் கொடுத்துத்தான் படித்தார்கள். 1842 மே 8ஆம் திகதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில், எஞ்சினின் அச்சு ஒன்று ஒடிந்து, பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எரிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்துருவப் பக்கம் கப்பலோட்டித் திரும்பிய தளபதி டுமோன் டேர்வில், பாவம், குடும்பத்தோடு அந்தப் பெட்டியில் இருந்தார். அச்சு நல்ல இரும்பு, சுமையும் அளவுக்கு மீறியதில்லை, பிறகு ஏன் உடைந்தது என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஓகுஸ்ட் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை வளைத்தபடி சுழற்றிச் சுழற்றிக் கணக்கெடுத்தார். ஒரே தரத்தில் உடைக்க வேண்டிய பாரத்தைவிட எவ்வளவோ குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். பாரம் எவ்வளவு என்பதோடு எத்தனை சுற்று என்பதும் கேள்வி. உலோகக் களைப்பு என்ற பாடம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓடுகிற பெட்டியின் அச்சில் பாரம் எப்போதும் மேலிருந்து கீழே. அச்சு சுழல்வதால், இந்தக் கணம் இழுபடுகிற பக்கம் அரைச் சுற்றில் அமுக்கப்படுகிற பக்கமாகிவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு இழுவை, ஒரு அமுக்கம். மேற்பரப்பில் எங்காவது ஒரு கீறல் இருந்தால் அங்கே நுண்ணிய வெடிப்புத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று உள்ளே நடக்கும். மிச்சமிருக்கும் உலோகம் தாங்காத நாளில் டக்கென்று ஒடியும். அப்படி ஒடிந்த அச்சின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடற்கரை மணலில் அலை ஒதுக்கிவிட்டுப் போன கோடுகள் மாதிரி வரி வரியாக இருக்கும். வெடிப்பு பெரும்பாலும் சில்லு இறுக்கிப் பொருத்திய இடத்துக்கு உள்ளே தொடங்குவதால் கண்ணுக்கு எட்டாது. அச்சின் முனையிலிருந்து அல்ட்ராசோனிக் அனுப்பித்தான் தேடுவோம். ஒவ்வொரு அச்சிலும் இலக்கம் வெட்டியிருக்கும். எப்போது வந்தது, எப்போது கடைசல் பிடித்தது, எப்போது சோதித்தது, யார் சோதித்தார் எல்லாம் பதிவில் இருக்கும். பதிவில்லாத அச்சை எந்தப் பெட்டியின் கீழும் போட முடியாது.

இப்போது பல்லுக்கு வருவோம். அந்த நிபுணர் எனக்குப் பாவித்து ஒதுக்கிய சில பைல்களை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில், போட்டெடுத்துத் தந்தார். கேட்டவன் கிழவன் என்றாலும் கேட்டது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். வீட்டில் மேசை விளக்கின் கீழ் கடிகாரக்காரர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தலைமுடியைவிடத் தடித்த நுனி, அதிலிருந்து மேல்நோக்கிப் பருத்துப்போகும் ஊசி, அதன்மேல் திருகுவரி. நுனி 25 என்று குறித்தால் 0.25 மில்லிமீற்றர். ஆறு சதவீதச் சாய்வு என்றால் நுனியிலிருந்து 3 மில்லிமீற்றர் மேலே 0.43 ஆகிவிடும். வேலை நேர்த்திக்கு நான் தலை வணங்குகிறேன்.

அந்த உலோகம் சாதாரண உருக்கு இல்லை. நிக்கலும் டைட்டேனியமும் கிட்டத்தட்ட அணுவுக்கு அணு சமமாகக் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் 1950களின் கடைசியில் வேறெதற்கோ உலோகம் தேடப்போய்க் கண்டெடுத்தது. நிக்கல், டைட்டேனியம், அந்த ஆய்வுகூடம் மூன்றின் ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து நிட்டினோல் என்று பெயர். 1988இல் வாலியா என்பவரும் கூட்டாளிகளும் பல் வரிசை நேராக்கும் கம்பியிலிருந்து முதல் பைலைக் கடைந்து பார்த்தார்கள். துருப்பிடிக்காத உருக்கு பைலைவிட இரண்டு மூன்று மடங்கு வளைந்துகொடுத்தது. உருக்கு ஒரு சதவீதம்கூட நீட்டினால் திரும்பாது. இது எட்டு சதவீதம் வரை நீண்டாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். அழுத்தம் ஏறும்போது உள்ளே அணுக்களின் அடுக்கே மாறி, விட்டவுடன் திரும்பி வருகிறது. இந்தக் குணத்தால்தான் வளைந்த வேருக்குள் மோட்டார் போட்டுச் சுழற்ற முடிந்தது. முன்பு உருக்கு பைலால் கையைத் திருகித் திருகிச் செய்தார்கள். வளைவில் அது நேராகப் போகப் பார்க்கும், வேரில் படி விழும்.

ஆனால் இந்த நல்ல குணத்திலேயே ஒரு கெட்டது இருக்கிறது. உருக்கு களைத்தால் முறையிடும். வளைந்து நிற்கும், வரி பிரிந்து தெரியும், கண்டு எறிந்துவிடலாம். நிட்டினோல் திரும்பத் திரும்ப நேராகி, புதிசு மாதிரியே நிற்கும். உள்ளே வெடிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று முகத்தில் காட்டாது.

இது உடைவதற்கு இரண்டு வழி. ஒன்று முறுக்கம்: நுனி வேரில் இறுகிப் பிடித்துக்கொள்ள, மோட்டார் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் முறுகி அறும். அப்படி அறுந்ததில் வரி பிரிந்தோ நெளிந்தோ இருக்கும். மற்றது நான் மேலே சொன்ன அச்சுக் கதை: வளைவில் பைல் சிக்காமல் சுழல்கிறது, வளைவின் வெளிப்பக்கம் இழுவை, உள்பக்கம் அமுக்கம், அரைச் சுற்றில் இடம் மாறுகிறது. அப்படி ஒடிந்ததில் வரி குலையாது, வெட்டினால் போல் நிற்கும். எனக்குக் கிடைத்தவற்றில் நுனி போன இரண்டில் ஒன்று அந்த மாதிரி, மற்றது இந்த மாதிரி. முகத்தின் கோடுகளைக் காண என் பூதக்கண்ணாடி போதாது, எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டி வேண்டும். 2000இல் சட்டப்பன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு நிபுணர் கிளினிக்கில் ஒதுக்கிய பைல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, உடைந்தவற்றில் 55.7 சதவீதம் முறுக்கத்தாலும் 44.3 சதவீதம் களைப்பாலும் போயிருந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்பது இந்த மோட்டார்களில் வழக்கமான வேகம். செக்கனுக்கு ஐந்து சுற்று. கூர்மையான வளைவு உள்ள குழாயில் சுழற்றிப் பார்க்கும் ஆய்வுகூடச் சோதனைகளில் பழைய ரக பைல்கள் சில நூறு சுற்றில் உடைந்துவிடும். 500 சுற்று என்று வைத்தால் 100 செக்கன். 1997இல் புரூவெட் குழுவினர் கண்டதன்படி வேகத்தை மாற்றினாலும் உடையும் சுற்றின் தொகை மாறவில்லை, வளைவின் ஆரையும் கோணமும்தான் மாற்றின. வேகம் கூட்டினால் அதே சுற்று சீக்கிரம் முடிந்துவிடும், அவ்வளவுதான். அப்புறம், தடித்த பைல் பலமானது என்று நினைக்கத் தோன்றும். முறுக்கத்துக்கு அது உண்மை. களைப்புக்குத் தலைகீழ்: தடித்ததன் வெளித்தோல் அதே வளைவில் அதிகம் நீள வேண்டியிருப்பதால் முதலில் ஒடிவது அதுதான்.

என் முதல் டொக்டர், தன் மோட்டாரில் டோர்க் கட்டுப்பாடு உண்டு, இறுகினால் தானாகப் பின்னோக்கிச் சுற்றும், ஆகவே பயமில்லை என்றார். மோட்டார் தடுப்பது முறுக்கத்தை. களைப்பை அது தடுக்காது, ஏனென்றால் களைத்து உடைகிற பைல் கடைசிச் சுற்று வரை லேசாகவே சுழலும், மோட்டாருக்கு உணர ஒன்றும் இருக்காது. களைப்பைப் பிடிக்க இருக்கிற ஒரே வழி சுற்றைக் கணக்கிடுவது. கிளினிக்கில் யாரும் சுற்றை எண்ணப் போவதில்லை. எந்தப் பல், எத்தனை வேர்க்கால்வாய், வளைவு கூடவா என்று எழுதினால் போதும்.

புதிய ரகங்கள் வந்துவிட்டன என்பதும் எனக்குத் தெரியும். சூட்டுப் பதம் போட்ட கம்பியில் செய்தவை 2007 முதல் கடைக்கு வந்தன. களைப்பைப் பழையதைவிட நன்றாகத் தாங்கும். 2008இல் யாரெட் என்பவர் சொன்ன, முழுதாகச் சுற்றாமல் முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசைக்கிற முறையும் ஆயுளைக் கூட்டுகிறது. கூட்டுகிறதே தவிர முடிவில்லாததாக்கவில்லை. நல்ல உருக்கில் அச்சு வந்த பிறகும் நாங்கள் பதிவை நிறுத்தவில்லையே.

ஏன் திரும்பப் பாவிக்கிறார்கள் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இவை எல்லாம் இறக்குமதி. ஆறு பைல் உள்ள பெட்டி பல ஆயிரம் ரூபாய். ஒரு ஆளுக்குப் பிரித்து எறிந்தால் அந்தக் காசு பில்லில்தான் ஏறும், வோர்ட் பிளேஸ் பல் வைத்தியசாலை வரிசை இன்னும் நீளும். இங்கிலாந்தில் 2007இல் பைல்களை ஒரு நோயாளிக்கு மட்டும் என்று ஆக்கினார்கள், அதுவும் உடையும் என்பதற்காக இல்லை. பைத்திய மாட்டு நோயின் மனித வடிவத்தைப் பரப்பும் புரதம் சாதாரணக் கிருமிநீக்கத்தில் போகாது என்ற பயம். இங்கே அப்படிச் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆளின் ஒரு பல்லோடு எறிந்தால் கணக்கே தேவையில்லை. எறிய முடியாதவர்களுக்குத்தான் கணக்கு.

கணக்கு வைக்க வழியும் செய்து வைத்திருக்கிறார்கள். சில கம்பனிகள் பைலில் சிறு சிலிக்கோன் வட்டு ஒன்றைக் கோத்து அனுப்புகின்றன, பூவிதழ் பூவிதழாக. ஒரு தரம் பாவித்தால் ஓர் இதழைக் கிழித்துவிட வேண்டும், இதழ் முடிந்தால் பைலும் முடிந்தது. ஒரு தரப் பாவனைக்கென்று வரும் ஒரு ரகத்தின் பிடியில் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. ஆட்டோகிளேவ் சூட்டில் அது வீங்கிவிடும், பிறகு மோட்டார்க் கையில் ஏறாது. இதைக் கேட்டபோது கைதட்ட வேண்டும் போல் இருந்தது. நம்மூர்க் கைவேலையை அறிந்தவன் என்பதால், வீங்கியதை பிளேடால் செதுக்கி மாட்டுகிறவர் யாராவது இருப்பார் என்றும் உடனே தோன்றியது. ஆகவே இதழையும் வளையத்தையும் மட்டும் நம்பாமல், கொப்பி.

கொப்பியில் என்ன எழுத வேண்டும்? பெட்டிக்கு ஒரு இலக்கம், திறந்த திகதி. பாவித்த ஒவ்வொரு தரமும் திகதி, பல், கால்வாய்களின் எண்ணிக்கை, வளைவு கடுமை என்றால் ஒரு குறி. கடுமையான வளைவில் போன பைலை அன்றே ஒதுக்கிவிடுவது நல்லது என்று நிபுணர் சொன்னார். ஒதுக்கிய திகதி, காரணம். இதை எழுதப் போகிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். கொழும்பில் பல கிளினிக்குகளில் பகலில் ஒரு டொக்டர், மாலையில் வேறொருவர். காலையில் அரச வைத்தியசாலையில் வேலை செய்துவிட்டு ஐந்து மணிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பைல் எல்லோருக்கும் பொது. எந்த டொக்டருக்கும் முழுக் கதை தெரியாது. முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள், அவற்றைக் கழுவி, தூரிகையால் தேய்த்து, ஸ்பொஞ்சில் குத்தி, ஆட்டோகிளேவில் போடுகிற அந்த உதவியாளர் பிள்ளைதான். சம்பளத்தில் எல்லோருக்கும் கீழே, அறிவில் இந்த விடயத்தில் எல்லோருக்கும் மேலே. “டொக்டர், இது போதும், வீசிவிடுவோம்” என்று சொல்லும் உரிமையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். வேர்க்ஷொப்பில் அச்சைச் சோதித்த தொழிலாளி சோக்கால் குறுக்கே கோடு போட்டால், எஞ்சினியரே வந்தாலும் அந்த அச்சு வெளியே போகாது.

சில டொக்டர்மார் சொல்லக்கூடும்: எண்ணிக்கை மட்டும் போதாது, முதல் தரத்திலேயே உடைந்த பைலும் உண்டு, கையின் பழக்கம், முதலில் மெல்லிய கைப் பைலால் 10ஆம், 15ஆம் இலக்கத்தில் வழி திறந்தோமா, மேலே நேர்வழி வெட்டினோமா, கால்வாய் ஈரமாக இருந்ததா, அமுக்கினோமா என்பதெல்லாம் பெரிது என்று. உண்மைதான், மறுக்கவில்லை. அவை அவர்களுடைய கையில் இருக்கின்றன, அவர்கள் படித்தவை. எண்ணிக்கை ஒன்றுதான் யார் கையிலும் இல்லாமல் தொங்குகிறது.

இனி நோயாளியிடம் சொல்கிற விடயம். உடைந்ததைச் சொன்னால் ஆள் கத்துவார், காசு திருப்பிக் கேட்பார், பேஸ்புக்கில் போடுவார் என்று டொக்டர்மார் பயப்படுவது விளங்குகிறது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நடப்பது என்ன? நாளைக்கு அந்தப் பல் நோவெடுத்து, யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ வேறொரு டொக்டர் திறக்கும்போது, உள்ளே உலோகத் துண்டு கிடப்பது தெரியாமல் வேலை தொடங்குவார். வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்க வேண்டிய பல் அது என்பதும் நோயாளிக்குத் தெரியாது. நான் தெரிந்துகொண்டது தற்செயல். அட்டையில் மூன்று வரி போதும்: எந்தப் பல், எந்த வேர், துண்டு எவ்வளவு நீளம், உடையும்போது சுத்தம் எந்தளவில் இருந்தது, எப்போது திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே படத்தின் ஒரு பிரதி.

நோயாளிகளுக்கும் ஒன்று. டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற பழக்கத்தை விடுங்கள். ரூட் கனால் தொடங்குமுன், “பைல் புதியதா, எத்தனையாவது தரம்?” என்று அமைதியாகக் கேட்கலாம். முடிந்த பிறகு கடைசி எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லலாம். கேட்கிற ஆட்கள் நாலு பேர் வந்தாலே கொப்பி தானாக மேசைக்கு வரும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, வைத்தியக் கருவிகளைப் பதிவு செய்கிறது. ஒரு பைல் கப்பலில் வந்து இறங்குவதற்கு அவ்வளவு கடதாசி. பெட்டி பிரித்த பிறகு அதற்கு ஒரு கடதாசியும் இல்லை. பல் வைத்தியர்களைப் பதிவில் வைத்திருக்கும் இலங்கை மருத்துவ சபையும், அவர்களுடைய சங்கங்களும் சேர்ந்து, பாவனைப் பதிவும் நோயாளிக்கு எழுத்தில் அறிவிப்பதும் வழக்கமாக வேண்டும் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சட்டம், தண்டப்பணம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பயமுறுத்தினால் மறைப்பார்கள், மறைப்பதுதான் இப்போதே பிரச்சினை.

கொப்பியை எப்படிக் கோடிடுவது என்று தெரியாத கிளினிக்காரர் யாராவது இருந்தால், ரயில்வேயில் நாங்கள் அச்சுக்கு வைத்திருந்த பதிவைப் பார்த்து ஒரு மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும், பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே போர்மன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.